‘விட்டுவிட்டுப் போனேன்’

1913ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பேக்வெல் வழங்கிய ஒரு தீர்ப்பைத் தந்தை வென்ற வழக்கு என்றே பலரும் சொல்லி வருகின்றனர். ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அலுவலரான ஜிட்டு நாராயணய்யா, தம் புதல்வர்கள் கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா இருவரையும் அன்னி பெசன்ட் அம்மையாரிடமிருந்து மீட்டுத் தரும்படி தொடுத்த வழக்கு அது. பிள்ளைகளைத் தந்தையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஆனால் வழக்குச் செலவையும் தந்தையே ஏற்க வேண்டும் என்று அதே தீர்ப்பு கூறியது. தோற்றவர்தாம் வென்றவரின் செலவைத் தருவது வழக்கம். இங்கே அது ஏன் தலைகீழாயிற்று என்று கேட்டுக்கொண்டு போனால்தான் இவ்வழக்கின் உட்பொருள் புலனாகும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1909இன் தொடக்கத்தில் நாராயணய்யா பிள்ளைகளோடு அடையாற்றுக்குக் குடிவந்தார். தாய் 1905இலேயே காலமாகியிருந்தார். பிரம்மஞான சபையைச் சேர்ந்த லெட்பீட்டர் கடற்கரையில் மூத்த பையனைக் கண்டு, வரவிருக்கும் உலக ஆசானுக்குரியவன் இவனே என்று கருதியது அவ்வாண்டில்தான். 1910 மார்ச்சில் தந்தை எழுதிக் கொடுத்த கடிதத்தின்படி பெசன்ட் அம்மையார் இருவருக்கும் காப்பாளரானார். 1912இல் பிள்ளைகளை இரண்டாம் முறையாக ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றபின், லெட்பீட்டரிடமிருந்து அவர்களை விலக்கி வைப்பதாகத் தந்த வாக்கு மீறப்பட்டது என்று தந்தை சீறினார். செங்கற்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. தந்தைக்காக வாதிட்டவர் சி. பி. ராமசாமி ஐயர். அம்மையார் தமக்குத் தாமே வாதாடினார். (இதே ராமசாமி ஐயர் சில ஆண்டுகளில் ஹோம் ரூல் இயக்கத்தில் அம்மையாரின் அணுக்கத் துணைவரானார். சென்னையின் பெரிய மனிதர்களுடைய பகையும் நட்பும் அவ்வளவுதான் போலும்.)

தந்தை தரப்பு சுமத்திய கொடிய குற்றச்சாட்டு, லெட்பீட்டர் மூத்தவனிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்பது. நீதிபதி அதற்கான சாட்சியத்தை நம்பவில்லை. மெய்ப்பிக்க முடியாத பெரும் பழியைச் சுமத்தியதற்காகவே செலவு தந்தையின் தலையில் விழுந்தது. அதே வேளை, லெட்பீட்டர் தாமே ஒப்புக்கொண்ட கருத்துகள் ஒழுக்கக்கேடானவை, அத்தகையவர் சிறுவர்களோடு பழகத் தகாதவர் என்றும் நீதிபதி எழுதினார். ஆக, நடந்ததா என்ற வினாவில் தந்தை தோற்றார். பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்ற வினாவில் வென்றார். சட்டத்தமிழில் முதலாவதைப் ‘பொருண்மை’ குறித்த முடிவு என்பார்கள். இரண்டாவது ஆணை. ஒரு தீர்ப்புக்குள் இவ்விரண்டும் ஒரே திசையில் போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மேல்முறையீடு என்றதும் ‘உண்மை என்ன என்பதை மீண்டும் ஒருமுறை ஆராய்வது’ என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். இவ்வழக்கின் பின்கதை அந்த எண்ணத்தைக் குலைத்துவிடுகிறது. 1913 அக்டோபரில் தலைமை நீதிபதி ஆர்னால்டு வொயிட்டும் நீதிபதி ஓல்டுஃபீல்டும் செலவு பற்றிய பகுதியை மட்டும் மாற்றி, மற்றபடி தீர்ப்பை உறுதி செய்தனர். அம்மையார் இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். 1914 மே மாதத்தில் அங்கே அவர் வென்றார். எதனால் வென்றார்? பிள்ளைகள் செங்கற்பட்டு மாவட்டத்தில் வசிக்கவில்லை. ஆகவே அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை. இங்கிலாந்திலிருக்கும் பிள்ளைகளை அவர்களுடைய விருப்பத்தையோ நலனையோ கேட்காமல் இந்தியாவுக்குக் கொண்டுவரச் சொல்லும் ஆணை முறையன்று. வழக்கில் பிள்ளைகளின் தரப்பைப் பேச ஒருவரும் இல்லை. தந்தையின் காப்புரிமை மீளமுடியாதபடி பிறருக்கு எழுதிக்கொடுத்துவிடக் கூடியதன்று என்பதையும் பார்க்கர் பிரபு அதே தீர்ப்பில் ஒப்புக்கொண்டார். ஆனாலும் வழக்குத் தள்ளுபடியாயிற்று.

அடையாற்றில் என்ன நடந்தது என்பதை அவர்கள் தொடவே இல்லை. மூன்று மன்றங்கள், இரண்டு கண்டங்கள், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். பொருண்மையை முடிவு செய்தவர் பேக்வெல் ஒருவரே. அப்போதும் மூத்தவன் சாட்சிக் கூண்டில் நின்றதில்லை. கடலுக்கு அப்பால் இருந்தான். தீர்ப்பு வந்த மறுமாதம் அவனுக்குப் பதினெட்டு வயது நிறைந்தது.

(அந்த 1914இல்தான் புதுச்சேரியில் புகலிடம் கொண்டிருந்த பாரதி, ‘தி ஃபாக்ஸ் வித் தி கோல்டன் டெயில்’ என்னும் ஆங்கில நையாண்டிக் கதையில் அம்மையாரைப் பொன்வால் நரியாக்கி எள்ளி நகையாடினார். அவருடைய தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.)

நூறாண்டு கடந்த இவ்வழக்கைத் தேடிப் படிக்க எமக்கு நேர்ந்தது ஒரு பழைய மாணவியால். பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்த வீடு தென்பெண்ணைக்கு அப்பால், கடலூர்ப் பக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வில்லியனூரில் எம் வீட்டுக்கு ஒரு தீர்ப்பு நகலோடு வந்தாள். மகள் இனித் தந்தையின் வீட்டிலேயே வளர வேண்டும் என்பது குடும்ப நீதிமன்றத்தின் ஆணை. “சார், இதுல ஒரு வார்த்தை இருக்கு. அதுக்குத் தமிழ்ல என்னன்னு நீங்க சொல்லணும்” என்றாள். நாம் சட்டம் படித்தவரல்லர் என்பதை அவளும் அறிவாள். வழக்கறிஞரிடம் பொருள் கேட்டாயிற்று. அவளுக்கு வேண்டியிருந்தது தமிழ்.

வாக்குமூலத்தின் கதை இது. மகளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது இவளுக்கு மஞ்சட்காமாலை கண்டது. குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று மாமியாரே அஞ்சினார். கடலூரில் மருத்துவமனை, பிறகு தாய்வீட்டில் பத்தியம் என்று நாற்பது நாள் கழிந்தது. திரும்பி வந்தபோது கணவர் வீட்டில் வேறு காரணங்களால் சண்டை மூண்டது, கதவு சாத்தப்பட்டது. நீதிமன்றத்தில் அவள் சொன்னது, “புள்ளைய அத்தைகிட்ட வுட்டுட்டுப் போனேன்” என்ற ஒரு வாக்கியம். பதிவேட்டில் ஆங்கிலத்தில் ஏறியது, ‘குழந்தையை விட்டுச் சென்றேன்’ என்பது. தீர்ப்பில் அது ‘தாய் குழந்தையைக் கைவிட்டுச் சென்றார்’ என்று பொருள்தரும் சொல்லாக உருண்டு திரண்டிருந்தது. வேறு பல காரணங்களும் தீர்ப்பில் இருந்தன. ஆயினும் எல்லாம் அந்த ஒரு சொல்லின் மேல் சாய்ந்தே நின்றன.

தமிழாசிரியருக்கு இதில் ஒரு கொடிய வியப்பு உண்டு. ‘விட்டுவிட்டு’ என்பதில் முதல் ‘விட்டு’ முதல்வினை. இரண்டாவது, செயல் முடிந்தமையைக் காட்டும் துணைவினை. பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வருகிறோம், வண்டியைக் கடைவாசலில் விட்டுவிட்டுப் போகிறோம். அங்கெல்லாம் கைவிடுதல் என்ற பொருளுக்கு இடமே இல்லை. ஒப்படைத்தலுக்கும் துறத்தலுக்கும் தமிழில் ஒரே வினைதான். எது என்று காட்டுவது அருகில் நிற்கும் வேற்றுமை உருபு. தொல்காப்பியர் ‘கண்’ என்று சொன்ன ஏழாம் வேற்றுமை, பேச்சில் ‘இடம்’ என்றும் ‘கிட்ட’ என்றும் உலவுகிறது. ‘அத்தைகிட்ட’ என்ற சொல் இருந்தால் அது ஒப்படைப்பு. இல்லையென்றால் கைவிடல். மொழிபெயர்ப்பில் ஓர் ஏழாம் வேற்றுமை காணாமற் போயிற்று. அதனோடு ஒரு தாயும் காணாமற் போனாள்.

இதில் எவரும் வேண்டுமென்று தீங்கிழைத்ததாக நாம் கருதவில்லை. 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 15ஆம் பிரிவு, சாட்சியத்தை முழுமையாக எழுத வேண்டியதில்லை, சாரத்தைக் குறித்தால் போதும் என்கிறது. சாட்சியும் நீதிபதியும் அதில் கையொப்பமிட வேண்டும். எளிய மக்களின் வழக்கு விரைந்து முடியவேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் எழுதப்பட்ட பிரிவுதான். வழக்கறிஞர் வைத்துக்கொள்வது இங்கே உரிமையன்று என்னும் 13ஆம் பிரிவும் அதே நோக்கத்தில் பிறந்ததே. ஆனால் சாரம் என்பது எடுப்பவர் கையைப் பொறுத்தது. கரும்பைப் பிழிந்தால் சாறு வரும், கணு வராது. இவளுடைய வழக்கோ கணுவில் இருந்தது. ஆங்கிலக் குறிப்பின் கீழே தமிழில் அழகாகக் கையெழுத்திட்டிருந்தாள். நாம் திருத்திய எத்தனையோ விடைத்தாள்களில் பார்த்த அதே கையெழுத்து.

மேல்முறையீட்டுக்கு வருவோம். அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு தாராளமானது. குடும்ப நீதிமன்றத்தின் தீர்ப்பை எதிர்த்துப் பொருண்மை, சட்டம் இரண்டின் மீதும் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். 30 நாள் அவகாசம். இரண்டு நீதிபதிகளுக்குக் குறையாத அமர்வு கேட்கும். புதுச்சேரிக்கும் உயர் நீதிமன்றம் சென்னையே. கேட்க எளிது. எனினும் 1950இல் சர்ஜு பெர்ஷாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி ஒன்று நிலைத்திருக்கிறது. இரு தரப்பு வாய்ச்சாட்சியமும் மோதி, யாரை நம்புவது என்பதே வினாவாக இருக்குமானால், சாட்சியை நேரில் கண்ட நீதிபதியின் முடிவில் மேல் மன்றம் எளிதில் கைவைக்கக் கூடாது. அவர் கவனிக்கத் தவறிய தனிக்கூறு ஏதேனும் இருக்கவேண்டும், அல்லது அவர் நம்பியது நம்பவே முடியாததாக இருக்கவேண்டும். பிரிட்டனிலும் ஏறத்தாழ இதுவே நடைமுறை. பிறந்தவுடன் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட ஒரு குழந்தையின் வழக்கில் 2013இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மையர், முதல் நீதிபதியின் முடிவு தவறானதா என்று மட்டுமே மேல் மன்றம் பார்க்கவேண்டும், தானே புதிதாக எடைபோட வேண்டியதில்லை என்றனர். ஐவரில் ஹேல் சீமாட்டி ஒருவர் மட்டும் அந்த முடிவிலிருந்து மாறுபட்டார்.

நெறியின் நியாயம் எமக்கு விளங்காமல் இல்லை. முகம், குரல், தயக்கம் இவையெல்லாம் தாளில் ஏறுவதில்லை, கண்டவருக்கே தெரியும். ஆனால் கண்டவர் என்ன கண்டார்? சாட்சி நேராகப் பார்த்து விடையளிக்கவில்லை என்று இத்தீர்ப்பில் ஒரு வரி இருந்தது. மாமியாரோ அழுதுகொண்டே சாட்சி சொன்னாராம். எம் மாணவியை மூன்றாண்டு வகுப்பில் பார்த்திருக்கிறோம். எழுப்பிக் கேள்வி கேட்டால் தரையைப் பார்த்துக்கொண்டுதான் விடை சொல்வாள். விடை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நம் ஊர்ப்புறத்துப் பெண் பிள்ளைகளுக்கு இருபதாண்டு பாடுபட்டுக் கற்றுக்கொடுத்த அடக்கம், கூண்டில் ஏறியதும் கள்ளமாகிவிடுகிறது. அந்த வரியை எந்த மேல் மன்றமும் புரட்ட முடியாது. அவளுடைய விழிகள் வழக்குக் கட்டில் இல்லை.

தாளில் இருப்பதன் வலிமையைப் பழையோர் நன்கறிவர். திருவெண்ணெய்நல்லூர் இங்கிருந்து தொலைவில்லை. சுந்தரரை அடிமை என்று வழக்காடிய முதியவர், கையிலிருந்த ஓலை கிழிக்கப்பட்டதும் கலங்கவில்லை. கிழித்தது படி, மூலம் வேறே இருக்கிறது என்றார். பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்பிட்டு அவையோர் முடிவுக்கு வந்தனர் என்கிறது பெரியபுராணம். ஓலையை எந்த அவையும் மறுபடி படிக்கலாம். கண்ணகியின் வழக்கும் அவ்வாறே. விசாரணையின்றி எழுந்த பொருண்மை முடிவை அவள் சொல்லால் மட்டும் புரட்டவில்லை. சிலம்பை உடைத்து உள்ளிருந்த மணியைக் காட்டினாள். இன்றைய உரிமையியல் நடைமுறையில் மேல்முறையீட்டில் புதுச்சான்று ஏற்பதற்குக் கடுமையான கட்டுகள் உண்டு. பாண்டியன் அவையில் அக்கட்டுகள் இல்லாதது நல்லூழ். அதனாலும் கோவலன் திரும்பவில்லை.

எம் மாணவியிடமும் ஒரு சிலம்பு இருந்தது: கடலூர் மருத்துவமனை கொடுத்த வெளியேற்றச் சீட்டு. காமாலை, சேர்த்த நாள், அனுப்பிய நாள் எல்லாம் அதில் இருந்தன. கீழ் நீதிமன்றத்தில் அதைக் காட்டவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. கைவிட்டாள் என்று குற்றம் சுமத்தப்படும் என்று தெரிந்திருந்தால் அல்லவா காட்டியிருப்பாள்? அச்சொல் முதன்முதலில் தீர்ப்பில்தான் முளைத்தது.

இடையில் ஊர்க்குழப்பம் ஒன்றையும் சொல்லவேண்டும். அம்மையாரை வெல்ல வைத்த அதே வினா இங்கே வீட்டு வாசலில் கிடக்கிறது. 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்துக்கே அதிகாரம். வெளியூர் அன்பர்களுக்குப் புதுச்சேரியின் நிலப்படம் விளங்குவது கடினம். பாகூர், வில்லியனூர்க் கொம்யூன்களின் ஊர்கள் தமிழ்நாட்டு ஊர்களோடு பின்னிக் கிடக்கின்றன. ஒரு வாய்க்காலைத் தாண்டினால் மாநிலம் மாறும். பேருந்துக்கு அரைமணி, நீதிமன்றத்துக்கு வேறு அரசு. அம்மா வீட்டுக்கும் அப்பா வீட்டுக்கும் இடையே ஒரு குழந்தை நடந்துபோனால் இரண்டு அதிகார எல்லைகளை மிதித்துவிடும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் வேறொரு எல்லை இருந்தது. மேல்முறையீட்டு மன்றம் புதுச்சேரியிலேயே இருந்தது. அதற்கு மேல் பாரிஸில் இருந்த கசாசியோன் மன்றம் சட்டம் சரியாகப் பயன்பட்டதா என்று மட்டுமே பார்க்கும், நடந்தது என்ன என்று பார்க்காது. உண்மை கடற்கரையோடு நின்றுவிடும். சட்டம் மட்டும் கப்பலேறும். இன்றைய இந்தியச் சட்டத்திலும் இரண்டாம் மேல்முறையீடு பொதுவாகச் சட்ட வினாவுக்கு மட்டுமே.

முப்பது நாளுக்குள் மேல்முறையீடு பதிவாயிற்று. அதன் காரணங்களுள் ஒன்றாக, ‘அத்தைகிட்ட’ விடுபட்டது பற்றி வழக்கறிஞர் ஒரு பத்தி எழுதினார். அதற்கு எம்மால் இயன்ற இலக்கணக் குறிப்பு ஒன்றை எழுதிக் கொடுத்தோம். அது எந்த நீதிபதியின் கண்ணிலும் பட்டிருக்கும் என்று நாம் நம்பவில்லை. வழக்கு வாதத்துக்கு வருமுன்னரே இரு தரப்பையும் சமரசத்துக்கு அனுப்பினர். சில அமர்வுகளில் உடன்பாடு கண்டது. பள்ளி நாட்களில் குழந்தை தாயிடம், விடுமுறையிலும் மாதத்தில் இரண்டு வார இறுதிகளிலும் தந்தையிடம். உடன்படிக்கையின்படி மேல்முறையீடு முடித்துவைக்கப்பட்டது. குழந்தை வந்துவிட்டது. குழந்தைகள் பெற்றோரின் உடைமையல்லர் என்றும், இத்தகைய ஆணைகள் சூழ்நிலைக்கேற்ப மாறக்கூடியவை என்றும் 1973இல் சென்னையிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆணை மாறும். சரிதான்.

அவள் மறுபடி வந்தாள். “அந்த வார்த்தை அப்படியே இருக்கே சார். அதை எடுக்க முடியாதா?” என்றாள். வழக்கறிஞரிடம் கேட்டிருக்கிறாள், பிள்ளை கிடைத்தபிறகு வார்த்தைக்கு யாராவது வழக்காடுவார்களா என்று அவர் சிரித்தாராம். சிரிப்பு சட்டப்படி சரியானதே. மேல்முறையீடு தீர்ப்பாணையை எதிர்த்துத்தானே அன்றி, அதற்குள் இருக்கும் ஒரு முடிவை மட்டும் எதிர்த்து அன்று. 1974இல் கங்காபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்தால், வென்றவரும் தமக்கு எதிரான முடிவைக் குறித்து மறுப்புரை தாக்கல் செய்யலாம் என்று 1976இல் உரிமையியல் நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. எவரும் மேல்முறையீடு செய்யாவிட்டால் அந்த வழியும் இல்லை. பிள்ளைகளை மீட்கும் ஆணை பெற்றும் பொய்ச்சாட்சிக்காரர் என்ற கறையோடு வீடு திரும்பிய நாராயணய்யாவை அப்போதுதான் நாம் நினைத்தோம். அவர் 1924இல் மறைந்தார். உலக ஆசான் பட்டத்தை மகன் 1929இல் தாமே உதறினார். பேக்வெல்லின் வரிகள் சட்ட நூலகங்களில் அப்படியே இருக்கின்றன.

“என்றைக்காவது எம் பொண்ணு இதைப் படிப்பா” என்பதுதான் அவளுடைய கவலை. நாம் மறுத்துப் பேசவில்லை. படிக்கக்கூடிய பெண்தான், தாயின் மகள்.

பிறகு அவளே ஒரு வழி கண்டாள். அந்த நாற்பது நாளில் என்ன நடந்தது, குழந்தையை யாரிடம், எந்நேரத்தில், என்ன சொல்லி ஒப்படைத்தாள் என்பதைத் தமிழில் ஒரு முழுப்பக்கம் எழுதினாள். மருத்துவமனைச் சீட்டையும் அந்தப் பக்கத்தையும் தீர்ப்பு நகலோடு சேர்த்து நூலால் தைத்து, ஒரு பிளாஸ்டிக் உறையிலிட்டு வைத்திருக்கிறாள். தைப்பதற்கு முன் எம்மிடம் காட்டினாள். இரண்டு இடங்களில் ஒற்று விடுபட்டிருந்தது. அதை மட்டும் திருத்திக் கொடுத்தோம்.